மட்கும் காடு, மட்காத சதுப்பு

போலந்தின் வடகிழக்கு மூலையில் பியாவிஸ்டோக் என்றொரு நகரம். அதற்குத் தென்கிழக்கே, பெலாரஸ் எல்லையை ஒட்டி, பியாவோவியேஜா காடு. வடமேற்கே பியெப்ஜா ஆற்றின் சதுப்பு. காலையில் ஒன்றிலிருந்து கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மற்றதற்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் இரண்டுக்கும் குணம் நேரெதிர். காட்டில் செத்ததெல்லாம் மட்கி மண்ணாகிறது. சதுப்பில் செத்தது மட்காமல், ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கிறது.

காட்டில் நான் பார்க்கப் போனது ஒரு மரக்காளான். சதுப்பில் பார்க்கப் போனது பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஒரு பாடும் குருவி. காட்டெருமை பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். நானும் பார்த்தேன், அழகுதான். ஆனால் மே மாதக் கடைசியில் அவ்வளவு தூரம் போனது இந்த இரண்டு சிறிய உயிர்களுக்காக. இயற்கையைக் காப்பது என்றால் கை வைக்காமல் விட்டுவிடுவது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. அந்தக் காளான் விஷயத்தில் அது முழுக்க முழுக்க உண்மை. அந்தக் குருவி விஷயத்தில் அது பாதி உண்மைகூட இல்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, இரண்டு நிலத்திலும் நின்று பார்ப்பது வேறு.

பியாவோவியேஜா போலந்து, பெலாரஸ் என்ற இரண்டு நாடுகளில் பரந்து கிடக்கும் காடு. உலகப் பாரம்பரியக் களமாக 1979-இல் போலந்துப் பகுதியையும் பின்னர் 1992-இல் பெலாரஸ் பகுதியையும் யுனெஸ்கோ சேர்த்தது. இன்று அதன் பரப்பு சுமார் 1,42,000 ஹெக்டேர். போலந்து அரசர்களும் பிறகு ரஷ்ய ஜார்களும் இதைத் தங்கள் வேட்டைக் காடாக வைத்திருந்தார்கள். மன்னர் வேட்டைக்கு என்று காவல் போட்டதால் கோடாலிக்குத் தப்பியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை நுழைந்து மரங்களை ஏராளமாக வெட்டிக் கொண்டுபோனது. காட்டிலிருந்த கடைசி ஐரோப்பியக் காட்டெருமை 1919-இல் கொல்லப்பட்டது. விலங்குக் காட்சியகங்களில் பிழைத்திருந்தவற்றின் வழிவந்த எருமைகளை 1952-இல் மீண்டும் காட்டில் விட்டார்கள். இன்று காணும் மந்தைகள் அவற்றின் வாரிசுகள்.

காட்டின் மையத்தில் உள்ள கண்டிப்பான காப்புப் பகுதிக்குள் தனியாகப் போக அனுமதி இல்லை. உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே வர வேண்டும். எங்களை அழைத்துப் போனவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. மரவாசலைத் தாண்டியதும் அவர் சொன்ன முதல் விஷயம், “இங்கே விழுந்ததை யாரும் தூக்குவதில்லை. பாதையை மறித்து விழுந்தால் மட்டும், ஆள் நடக்கிற அளவுக்கு அறுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவோம்.”

உள்ளே போனபோது அந்தச் சொல்லின் முழுப் பொருள் தெரிந்தது. நாம் காடு என்று பழகியிருப்பதில் மரங்கள் நிற்கும். இங்கே பாதி மரங்கள் நிற்கின்றன, பாதி கிடக்கின்றன, கொஞ்சம் சாய்ந்தபடி பக்கத்து மரத்தின் தோளில் தொங்குகின்றன. ஐம்பது மீட்டர் உயரத்துக்கு வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்கள் வேரோடு பெயர்ந்து, வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு மேலே செங்குத்தாக நிற்கிறது. அது பெயர்ந்த குழியில் தண்ணீர். விழுந்த ஓக் மரம் ஒன்றின் முதுகில் வரிசையாக ஸ்ப்ரூஸ் கன்றுகள் முளைத்திருந்தன. கீழே தரையில் விழுந்த விதைகள் நிழலிலும் இலைக்குப்பையிலும் மாண்டுபோக, கட்டையின் மேல் விழுந்தவை பிழைத்துக்கொண்டன. அந்த ஓக் எப்போது விழுந்தது என்று கேட்டேன். தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேயே கிடப்பதாகச் சொன்னார் அந்த அம்மையார்.

நான் தேடிய காளான் அபூர்வமானது அல்ல. இந்தக் காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காளான் இனங்கள் இருக்கின்றன. பவளக்கொடிபோல் வெள்ளையாகத் தொங்கும் அரிய வகைகளைத் தேடி ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நான் பார்க்க நினைத்தது ஃபோமெஸ் ஃபோமென்டாரியஸ் என்ற சாதாரணமான ஒன்று. போலந்துக்காரர்கள் ஹூபியாக் என்கிறார்கள். பிர்ச் மரம் உள்ள இடத்திலெல்லாம் இருக்கும். சாதாரணமானது என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தேன். காட்டின் அன்றாட வேலையைச் செய்வது அபூர்வங்கள் அல்ல.

பட்டுப்போன ஒரு பிர்ச்சில் அது ஒன்றன்மேல் ஒன்றாக முளைத்திருந்தது. குதிரைக் குளம்பை அறுத்து மரத்தில் ஒட்டிவைத்த மாதிரி வடிவம். மேற்புறம் சாம்பல் நிறம், கல் மாதிரி கெட்டி. விரல் நகத்தால் தட்டினால் சத்தம் வருகிறது. வளையம் வளையமாக வரப்புகள். ஒவ்வொரு பருவத்திலும் கீழ்ப்பக்கமாக ஒரு புது அடுக்கு சேரும். அப்படிப் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அடிப்புறம் வெளிர்பழுப்பு. குனிந்து பார்த்தால் ஊசி முனையால் குத்தியது போன்ற துளைகள், எண்ணி முடியாது. ஒவ்வொரு துளையும் உள்ளே ஒரு நீண்ட குழாய். வித்துகள் அந்தக் குழாய்களின் சுவரிலிருந்து கழன்று நேர்கீழே விழுந்து காற்றில் கலக்க வேண்டும். குழாய் சற்றே சாய்ந்தாலும் வித்து எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் இந்தக் காளான் மிகக் கறாராக இருக்கிறது.

அது எவ்வளவு கறார் என்பதற்கு அத்தாட்சி பத்தடி தள்ளிக் கிடந்தது. விழுந்த பிர்ச் ஒன்றில், மரம் நின்றபோது முளைத்த பழைய காளான்கள் பக்கவாட்டில் திரும்பி, துளைகள் அடைபட்டு, கறுத்துப் போயிருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றின் விளிம்பிலிருந்து புதிய வளர்ச்சி தொடங்கி, தொண்ணூறு பாகை திரும்பி, இப்போதைய தரையைப் பார்த்து ஒரு புதுக் குளம்பு வளர்ந்திருந்தது. மரம் விழுந்ததைக் காளான் அறிந்து, தன்னைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. பழைய குளம்பின் அடியில் மட்டும் சிறு வட்டமான ஓட்டைகள், அவற்றிலிருந்து கொட்டிய பழுப்புத் தூள். இந்தக் காளானுக்குள்ளேயே பிறந்து வளரும் கறுப்பு வண்டு இனம் ஒன்று உண்டு, அதன் வேலை. காளான் மரத்தைத் தின்ன, வண்டு காளானைத் தின்னுகிறது.

வெளியே தெரியும் குளம்பு அந்த உயிரின் சிறு பகுதிதான். முழு உடலும் மரத்துக்குள் இருக்கிறது. ஒடிந்த கிளை, பட்டையில் ஒரு வெட்டு, ஏதோ ஒரு காயத்தின் வழியாக வித்து உள்ளே போகிறது. நூலினும் மெல்லிய இழைகளாக வைரப்பகுதிக்குள் பரவுகிறது. ஆண்டுக்கணக்கில் வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின் என்ற பொருள். அதை உடைத்துக் கரைப்பது உயிருலகில் மிகச் சிலராலேயே முடியும். வெண்ணழுகல் காளான்கள் எனப்படும் இந்தக் கூட்டம் அதில் தலையாயது. லிக்னினும் போய், செல்லுலோசும் போனபின் எஞ்சுவது வெளுத்த, ஈரமான, விரலால் பிய்த்தெடுக்கக்கூடிய நார். பக்கத்து ஸ்ப்ரூஸ் கட்டையில் வேலை செய்துகொண்டிருந்த சிவப்புப் பட்டைக் காளான் வேறு ஜாதி. அது செல்லுலோசை மட்டும் தின்று லிக்னினை விட்டுவிடும். அங்கே மரம் பழுப்பாகி, சதுரம் சதுரமாக வெடித்து, கையில் எடுத்தால் பொடியாகிறது. எந்தக் காளான் தின்றது என்பதைக் கட்டையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

மனிதனுக்கும் இந்தக் குளம்புக் காளானுக்கும் நெடுங்காலப் பழக்கம். ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ‘ஊட்சி’ என்ற மனிதனின் பையில் இது இருந்தது. மேல்தோலுக்கும் குழாய்களுக்கும் நடுவே உள்ள மெத்தென்ற சதையைச் சீவி எடுத்து, அடித்து மென்மையாக்கினால், சக்கிமுக்கிக் கல்லின் ஒரு பொறியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். தீப்பெட்டி வரும்வரை ஐரோப்பா நெருப்பைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தது இப்படித்தான். ருமேனியாவின் கோருந்த் கிராமத்தில் இன்றும் இதே சதையை இழுத்து விரித்துத் தொப்பி செய்கிறார்கள்.

ஆனால் என்னைக் கவர்ந்தது காட்டுக்குள் இது செய்யும் வீட்டுவேலை. 1975 முதல் இந்தக் காட்டின் பறவைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் விரோத்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமாஷ் வெசோவோவ்ஸ்கி. பொந்தில் கூடு வைக்கும் குருவிகளுக்கெல்லாம் மரங்கொத்திதான் வீடு கட்டிக் கொடுக்கிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. வட அமெரிக்கத் தரவுகளை வைத்து எழுந்த எண்ணம் அது. பியாவோவியேஜாவில் அவர் கண்டது வேறு: இங்கே பெரும்பாலான பொந்துக் குருவிகள் குடியிருப்பது மரங்கொத்தி குடைந்த பொந்தில் அல்ல, கிளை ஒடிந்த இடத்தில் காளான் நுழைந்து மெல்ல மட்கவைத்து உண்டாக்கிய பொந்தில். அவரும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட உலகளாவிய ஒப்பீட்டிலும், வட அமெரிக்காவுக்கு வெளியே இதுவே வழக்கம் என்று தெரிந்தது. மரங்கொத்திகூட, உள்ளே காளான் தின்று மெதுவாக்கி வைத்த மரமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் அலகை வைக்கிறது. வெண்முதுகு மரங்கொத்தி, மூவிரல் மரங்கொத்தி போன்றவை ஐரோப்பாவின் பல நாடுகளில் அருகிப்போனதற்குக் காரணம் இதிலிருந்து புரியும். அங்கெல்லாம் மரம் சாவதற்குள் அறுக்கப்படுகிறது.

இங்கும் அது நடக்கப் பார்த்தது. ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டு தாக்கி ஆயிரக்கணக்கில் காயவைத்தபோது, பட்ட மரங்களை அப்புறப்படுத்தினால்தான் காடு பிழைக்கும் என்று சொல்லி 2016-இல் அன்றைய அரசு வெட்டும் அளவை உயர்த்தியது. 2017-இல் பெரும் அறுவடை இயந்திரங்கள் இறங்கின. ஆட்கள் இயந்திரங்களில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு மறித்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. மீறினால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் யூரோ அபராதம் என்று எச்சரித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று, வெட்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. வண்டு தின்ற மரம் வீண் என்று நினைப்பவர்களுக்குக் காட்ட வேண்டியது இந்தக் காப்புப் பகுதியைத்தான். வண்டு கொன்ற ஸ்ப்ரூஸ்கள் இங்கும் நிற்கின்றன. அவற்றின் அடியில் வெயில் விழுந்து ஹார்ன்பீம் கன்றுகளும் லிண்டன் கன்றுகளும் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டன. யாரும் நடவில்லை, யாரும் நீர் ஊற்றவில்லை. அந்தத் தீர்ப்பு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காட்டைவிட்டுக் கிளம்பி, பியாவிஸ்டோக்கைத் தாண்டி வடமேற்கே போனோம். உருளைக்கிழங்கு வயல், மரவீடு, மின்கம்பத்தின் மேல் செங்கால் நாரைக்கூடு என்று மாறி மாறி வந்தன. பிறகு ‘ஜார் சாலை’ தொடங்குகிறது. ஓசோவியெட்ஸ் கோட்டைக்குப் படை நகர்த்த ரஷ்யர்கள் போட்ட சாலை. சதுப்பின் ஓரமாகவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூஸ் மான்கள் சாலையோரத்தில் நின்று வண்டியைப் பார்க்கின்றன. 1993-இல் அமைந்த பியெப்ஜா தேசியப் பூங்காதான் போலந்திலேயே பெரியது: சுமார் 592 சதுர கிலோமீட்டர். 1995-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

மரம் மறைந்து வானம் திறந்ததும் கண் தடுமாறுகிறது. அடிவானம் வரை கோரை. அங்கங்கே ஒரு வில்லோ புதர், தூரத்தில் மணல்திட்டு ஒன்றில் பிர்ச் கூட்டம், வேறொன்றும் இல்லை. ஒரு காலடி வைத்தால் தரை கொஞ்சம் அமுங்கி, பக்கத்தில் இருக்கும் கோரைத் தூறும் சேர்ந்து அசைகிறது. கீழே இருப்பது மண் அல்ல, பீட் எனப்படும் கறுத்த தாவரப் படிவு. ஆண்டுதோறும் கோரை மடிகிறது. மடிந்தது தண்ணீருக்குள் அமிழ்கிறது. தேங்கிய நீரில் ஆக்சிஜன் இல்லாததால், காட்டில் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்த காளான் வகையறாக்களால் இங்கே எதுவும் செய்ய முடிவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கோரை அப்படியே கிடக்கிறது. நாலைந்து மணி நேரத்துக்கு முன் மட்குதலின் அருமையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, மட்காமையால் ஒரு நிலமே உருவாகியிருப்பது மலைப்பாக இருந்தது.

குக்னி என்ற சிற்றூருக்கு அருகே ‘துவுகா லூக்கா’ என்ற மரப்பாதை சதுப்புக்குள் சுமார் 400 மீட்டர் போகிறது. அங்கே போக வேண்டிய நேரம் மாலை. மே கடைசியில் அந்த ஊரில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடுகிறது. கொசு ஏராளம், முழுக்கைச் சட்டையும் தலையில் வலையும் இல்லாமல் நிற்க முடியாது. உள்ளான் ஒன்று உயரத்திலிருந்து பாய்ந்து வாலிறகால் அதிர்வொலி எழுப்பிக்கொண்டிருந்தது. வெயில் மஞ்சளானதும் கோரைக்குள்ளிருந்து ஒரு வறண்ட ‘ட்ர்ர்ர்ர்’, அதைத் தொடர்ந்து மூன்று நான்கு தெளிந்த விசில். நிறுத்தம். மறுபடி ‘ட்ர்ர்ர்ர்’. இடப்புறம் இன்னொன்று பதில் கொடுத்தது. பத்து நிமிடத்தில் சுற்றிலும் அந்தச் சத்தம்தான்.

அக்வாட்டிக் வார்ப்ளர் என்று பறவையாளர்கள் சொல்லும் நீர்க்கதிர்க்குருவி. போலந்தில் வோத்னிச்கா. நம் தோட்டங்களுக்குக் குளிர்காலத்தில் வரும் பிளித் நாணல் கதிர்க்குருவியும் இதே பேரினம்தான். அது உடம்பில் ஒரு கோடும் இல்லாத பழுப்புக் குருவி. இது கோடுகளால் ஆனது. பாதையிலிருந்து ஏழெட்டு மீட்டரில் ஒரு ஆண் கோரைத்தாளைப் பற்றி மேலே ஏறியது. தாள் அதன் எடைக்கு வளைந்தது. இருநோக்கியில் உச்சந்தலை முழுதாகத் தெரிந்தது: நட்டநடுவே வைக்கோல் மஞ்சளில் ஒரு வகிடு, இருபுறமும் கறுப்புப் பட்டை, புருவத்தில் மறுபடி மஞ்சள். முதுகிலும் கறுப்பும் மஞ்சளும் நீளவாக்கில். காலில் இளஞ்சிவப்பு. பாடும்போது தொண்டை மட்டும் அல்ல, வால் வரைக்கும் நடுங்குகிறது. வாய் மூடி இறங்கியதும் கோரையோடு கோரையாகிவிட்டது. எங்கே இருந்தது என்று கண்ணால் குறித்து வைத்திருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐரோப்பியப் பெருநிலத்தில் உலக அளவிலேயே அழிவு ஆபத்துக்குள்ளான பாடும் பறவைகளில் இதுவும் ஒன்று. ஒரு காலத்தில் நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி எனப் பல நாட்டுச் சதுப்புகளில் இருந்தது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததும் ஒவ்வொரு நாடாகக் காலியானது. இன்று உலகிலுள்ள மொத்த ஆண் பறவைகளையே பத்துப் பதினைந்தாயிரம் என்ற அளவில்தான் கணக்கிடுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெலாரஸ், உக்ரைன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில். போலந்தின் பங்கில் பெரும்பகுதி இந்த பியெப்ஜாவில்.

இதன் குடும்ப வாழ்க்கை விசித்திரமானது. ஆண் பாடுவதோடு சரி. கூடு கட்டுவதில்லை, அடைகாப்பதில்லை, இரை கொண்டுவருவதில்லை. ஜோடி என்ற ஏற்பாடே இல்லை; ஒரு கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன்கள் இருப்பது சகஜம். கோரைத்தூறின் அடியில், ஈரத்துக்கு ஒரு சாண் மேலே, காய்ந்த கோரைக்குள் மறைத்து ஒரு கிண்ணம் பின்னி, முட்டையிட்டு, வளர்த்து ஆளாக்குவதெல்லாம் பெண் ஒருத்தியே. அவளால் அது முடிவதற்குக் காரணம் சதுப்புதான். சிலந்தி, கம்பளிப்புழு, வெட்டுக்கிளி என்று அவள் கூட்டைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள்ளேயே கொழுத்த இரை கிடைக்கிறது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்க வேண்டும். ஏறினால் கூடு மூழ்கும். வற்றினால் இரை குறையும், எலியும் நரியும் நடந்தே வந்துவிடும். ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை நீர்மட்டத்தில் ஒரு இனத்தின் தலையெழுத்து தொங்குகிறது.

குளிர்காலத்தில் இது எங்கே போகிறது என்பது நெடுநாள் தெரியவில்லை. ஆப்பிரிக்காவில் வளர்ந்த இறகில் அந்த நிலத்தின் வேதிச் சுவடு பதிந்திருக்கும். அதை வைத்து சஹாராவுக்குத் தெற்கே ஒரு பட்டையைக் கணித்து, 2007-இல் செனகலின் ஜுட்ஜ் பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் கண்டுபிடித்தார்கள். அங்கும் அதே ஆழம் குறைந்த நீர், அதே புல்வெளி. செனகல் ஆற்றில் டியாமா அணை 1986-இல் வந்தபின் அந்தப் பக்கத்து நீரோட்டமே மாறிப்போனது. இங்கே போலந்தில் எவ்வளவு செய்தாலும், அங்கே நீர் தவறினால் பலன் இல்லை.

இனி, இந்தச் சதுப்பைத் திறந்த வெளியாக வைத்திருந்த அரிவாளுக்கு வருகிறேன். பியெப்ஜா கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக இந்தக் கோரையை நீண்ட பிடி போட்ட அரிவாளால் அறுத்து, சதுப்பிலேயே போர் போட்டு, குளிர்காலத்தில் நீர் உறைந்தபின் பனிச்சறுக்கு வண்டியில் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மாட்டுக்குத் தீனி, தொழுவத்துக்குப் படுக்கை. எழுபதுகளுக்குப் பிறகு அந்த வழக்கம் படிப்படியாக நின்றது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். இருந்தவர்களுக்கும் கோரை தேவைப்படவில்லை. அதோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால்கள் நடுப்பகுதியின் நீரை ஏற்கெனவே குறைத்திருந்தன. அறுப்பாரில்லாத நிலத்தில் நாணல் உயர்ந்தது, வில்லோ புகுந்தது, பின்னால் பிர்ச் வந்தது. திறந்த வெளியில் மட்டுமே வாழத் தெரிந்த குருவி பின்வாங்கியது.

போலந்துப் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஓடோப்பும் பூங்காவும் 2005 முதல் ஐரோப்பிய நிதியோடு இதைத் திருப்ப முயன்றன. பனிச்சறுக்குத் தளங்களைச் சமன்செய்யும் அகலச் சங்கிலி வண்டியில் அறுக்கும் கத்தியைப் பொருத்திச் சதுப்பில் இறக்கினார்கள். ஆகஸ்ட் பாதி கழிந்து, கடைசிக் குஞ்சும் பறந்தபின்தான் அறுப்பு. மொத்தத்தையும் ஒரே வருடத்தில் அறுக்காமல் ஒரு பகுதியை விட்டுவைத்துச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அறுக்கும் உழவருக்கு மானியம். அறுத்த கோரையை அங்கேயே போட்டால் பயனில்லை என்பதால், அதை அழுத்தி எரிபொருள் உருண்டைகளாக்க ஓர் ஆலையும் வைத்தார்கள். சங்கிலி வண்டி போன தடத்தில் கோரைத்தூறுகள் நசுங்கித் தட்டையாகியிருப்பதை நான் பார்த்தேன். கூடு வைக்க அந்தத் தூறுதான் வேண்டும். கைஅரிவாளுக்கு இணை கிடையாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இத்தனை ஆயிரம் ஹெக்டேரைக் கையால் அறுக்க இன்று ஆள் இல்லை. இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை, திட்டு ஒன்றை ஒட்டி நடந்தபோது இந்தப் பயணத்தில் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். கோரைக்குள் முன்னேறி வந்திருந்த பிர்ச் மரங்களில் ஒன்று பட்டு நின்றது. இடுப்பு உயரத்தில் சாம்பல் நிறக் குளம்பு. அதே ஹூபியாக்! காட்டில் அதைக் கண்டபோது இருந்த மகிழ்ச்சி இங்கே நேராக வரவில்லை. பிர்ச் வந்திருக்கிறது என்றால் சதுப்பு காய்ந்திருக்கிறது. காளான் அதன் பின்னாலேயே வந்திருக்கிறது. குருவிக்கு அது வெளியேற்ற அறிவிப்பு. ஆனால் அடிமரத்தைச் சுற்றி நீர் மறுபடி ஏறி நின்றது. வேர் மூச்சுத் திணறித் தளர்ந்த பிர்ச்சைக் காளான் எளிதில் முடித்துவிடும். நீர் திரும்பிய இடத்தில் அது குருவிக்காக மரத்தை அகற்றுகிறது என்றும் சொல்லலாம். ஒரே உயிர், ஒரே வேலை. நீர்மட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்து அது எதிரியும் ஆகிறது, துணையும் ஆகிறது.

நீர் வடிந்தால் நடப்பது குருவியோடு நிற்பதில்லை. காற்றுப் பட்ட பீட் மட்கத் தொடங்கி, ஆயிரமாண்டு சேர்த்த கரியைக் காற்றில் விடுகிறது. வறண்டால் தீயும் பிடிக்கிறது. 2020 ஏப்ரலில், பனி குறைந்த குளிர்காலத்தை அடுத்து வந்த வறட்சியில், பியெப்ஜாவில் சுமார் 5,500 ஹெக்டேர் எரிந்தது. காய்ந்த புல்லுக்கு யாரோ வைத்த தீ.

காட்டில் கையை எடுத்துவிட வேண்டும்; சதுப்பில் போன கை திரும்பி வர வேண்டும். வாய்க்கால் வெட்டியது நாம் என்பதால் அடைக்க வேண்டியதும் நாம்தான். காளானுக்கு வேண்டியது நம் பொறுமை, குருவிக்கு வேண்டியது நம் உழைப்பு. ஒரே சட்டத்தை இரண்டு நிலத்துக்கும் போடுகிறவர்கள், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு போட்டாலும், ஒன்றைக் கெடுத்துவிடுவார்கள். உழைத்தால் குருவியை மீட்க முடியும் என்பதற்கு லித்துவேனியா சாட்சி: பெலாரஸின் ஸ்வானியெட்ஸ் சதுப்பிலிருந்து 2018-இல் ஐம்பது குஞ்சுகளை எடுத்துவந்து, கையால் ஊட்டி வளர்த்து, ஷுவிந்தாஸ் சதுப்பில் விட்டார்கள். அவற்றில் ஒரு பகுதி ஆப்பிரிக்கா போய்விட்டு, மறு ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை குருவிக்கு நல்ல காலம், காளானை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். பியாவோவியேஜா வழிகாட்டியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். துவுகா லூக்காவில் மாலை ஏழு மணிக்குள் இடம்பிடித்து, பேசாமல் நில்லுங்கள். படம் எடுக்க வேண்டும் என்று மரப்பாதையைவிட்டு மட்டும் இறங்காதீர்கள். கூடு தரையோடு தரையாக இருக்கிறது. உங்கள் காலடிக்குப் பயந்து அந்தத் தாய் கலைந்துபோனால், குஞ்சுகளுக்கு இரை கொடுக்க வேறு யாரும் வரமாட்டார்கள்.